திரை இருண்ட பிறகும் ஓடும் விசிறி: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2016-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10. டியூஷன் பிள்ளைகளுக்கான வினாத்தாள் எல்லாம் அதில்தான் அடிக்கிறேன். ஒரு மாதமாக ஷட் டவுன் கொடுத்தால் மானிட்டர் இருண்டுவிடுகிறது. ஆனால் சிபியு பெட்டியில் விளக்கு எரிகிறது, விசிறியும் நிற்பதில்லை. அரை மணி நேரம் விட்டுப் பார்த்துவிட்டேன். ரீஸ்டார்ட் மட்டும் ஒழுங்காக நடக்கிறது. வேறு வழியில்லாமல் தினமும் யுபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் படுக்கிறேன். பார்க்க வந்த மெக்கானிக், மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
(காரைக்குடி வாசகி)

பதில்: இப்போதைக்குப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள் அம்மா. ரீஸ்டார்ட் ஒழுங்காக நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

திருச்சியில் நான் இந்த வேலைக்கு வந்தது 1999-இல். அப்போது நிறைய வீடுகளில் பழைய ஏடி வகைப் பெட்டிகள்தான். ஷட் டவுன் கொடுத்தால், இனி அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் ஓர் ஆங்கில வரி வரும். நாம்தான் கை நீட்டி ஸ்விட்சைத் தட்ட வேண்டும். ஏடிஎக்ஸ் என்ற புது வகை பவர் சப்ளை (பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் பகுதி) பரவிய பிறகுதான் கம்ப்யூட்டர் தானாகவே அணையத் தொடங்கியது. அது எப்படி அணைகிறது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுப் பிரச்சினையும் புரிந்துவிடும்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், மதர்போர்டின் ஓரத்தில் 24 பின் உள்ள தடித்த கனெக்டர் ஒன்று தெரியும். அதில் போகும் வயர் கட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும். அந்தப் பச்சை வயரை மதர்போர்டு கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் வரை பவர் சப்ளை ஓடும். பிடியை விட்டால் எல்லாம் நின்றுவிடும். ஷட் டவுன் கொடுத்ததும் விண்டோஸ் ஃபைல்களை மூடி, சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, கடைசியில் பிடியை விடும்படி போர்டுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அதற்கு முந்தைய வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் திரை இருள்கிறது. அந்தக் கடைசிச் சொல்தான் போய்ச் சேரவில்லை. ரீஸ்டார்ட்டில் பிடியை விட வேண்டிய தேவையே இல்லை. அதனால் அது தடங்கல் இல்லாமல் நடக்கிறது.

போர்டு மேல் தப்பு இருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் செய்வது இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் கீயையோ எஃப்2 கீயையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை, அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த சாஃப்ட்வேரின் திரை, வரும். அங்கே எதையும் மாற்ற வேண்டாம். பவர் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு எடுங்கள். இந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் வரவே இல்லை. பெட்டி சட்டென்று அணைந்தால், உங்கள் போர்டுக்கும் பவர் சப்ளைக்கும் பச்சை வயரை விடத் தெரிகிறது என்று அர்த்தம். அப்போது கோளாறு விண்டோஸ் பக்கம்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு இதை அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள்.

அப்புறம் விண்டோஸுக்குள் வந்து, ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்தே ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து விரிக்கிறது. முந்தின நாள் ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன சாஃப்ட்வேர்) கோணிக்கொண்டிருந்தால், அந்தக் கோணலும் சேர்ந்தே எழுந்து வரும். ஷிஃப்ட்டோடு கொடுத்தால்தான் முழுசாக அணைக்கும். அப்படிக் கொடுக்கும்போது விசிறி நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தைத் திறங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக் மங்கலாக இருந்தால், மேலே உள்ள நீல வரியைத் தொட்டபின் எடுக்க வரும். காலையில் ஆன் ஆவதற்குச் சில விநாடி கூடலாம், அவ்வளவுதான். என் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே இந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

அதற்கும் அசையவில்லை என்றால், இன்டெல் பிராசசர் உள்ள அந்தக் காலத்து கம்ப்யூட்டர்களில் நான் அடுத்துத் தேடுவது டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் விண்டோஸ் பக்கம்) சிஸ்டம் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் இன்டர்ஃபேஸ். விண்டோஸ் 10-இல், திரை இருண்டும் விசிறி ஓடும் கோளாறு இந்த டிரைவரால் வந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதன் மேல் இரண்டு முறை தட்டினால் பவர் மேனேஜ்மென்ட் என்ற தாள் இருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். சரியானால், உங்கள் மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். போர்டின் பெயரும் மாடல் எண்ணும் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச சாஃப்ட்வேர் எதையும் தொடாதீர்கள்.

பின்னால் செருகியிருக்கும் பிரிண்டர், வெப் கேமரா, வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கீபோர்டு, மவுஸோடு மட்டும் ஒரு முறை பாருங்கள். அணைந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் பழையபடி ஆகிறதோ, அதுதான்.

இனி யுபிஎஸ் விஷயம். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் மின்சாரத்தைப் பிடுங்குவது நிற்கட்டும் அம்மா. துறையூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் இதே போலத்தான், அணைய நேரமாகிறது என்று ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கடையைப் பூட்டுவார். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு காலையில் கணக்கு ஃபைல் திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, அளவும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எழுத வேண்டியதில் கொஞ்சம் மெமரியிலேயே காத்திருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில்தான் இருந்தது. கிடைத்த பழைய காப்பி ஆடி மாதத்தது. நடுவே உள்ளதை அவரும் அவர் மகளும் பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். அந்தப் பெண் இரவு ஒரு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, கோளாறு சரியாகும் வரை இப்படிச் செய்யுங்கள். திரை இருண்டதும் பெட்டியின் முன்னால் உள்ள சின்ன டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். மினுக்கல் நின்று இரண்டு நிமிடம் கழித்து, பவர் பட்டனை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். யுபிஎஸ்ஸை அதன் பிறகு அணைத்துக்கொள்ளலாம். வினாத்தாள்களை ஒரு பென் டிரைவில் இன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மவுஸில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஷட் டவுன் ஆகவில்லையா?
(நாமக்கல் வாசகர்)

பதில்: விசிறி நின்றுவிட்டால் ஆகிவிட்டது. அணைந்த பிறகும் பவர் சப்ளை 5 வோல்ட்டை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அடுத்த முறை பவர் பட்டனை அழுத்துவது போர்டுக்குத் தெரிய வேண்டுமே. அதில் கொஞ்சம் யூஎஸ்பி வழியாக மவுஸுக்கும் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை. பிளக்கில் அணைத்தால் விளக்கும் அணைந்துவிடும்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஷட் டவுன் கொடுத்தால், ஒரு ஆப் தடுக்கிறது என்று நீலத் திரை வந்து நிற்கிறது. எப்படியும் அணை என்ற பட்டனை அழுத்தலாமா? கல்லூரி புராஜெக்ட் எல்லாம் இதில்தான் இருக்கிறது.
(நாகர்கோவில் மாணவர்)

பதில்: அவசரப்படாதே தம்பி. அந்தத் திரையில் ஆப்பின் பெயர் இருக்கும், அதைப் படி. வேர்டு என்றோ எக்செல் என்றோ இருந்தால், நீ சேமிக்காமல் விட்ட ஏதோ ஒன்று உள்ளே திறந்திருக்கிறது. கேன்சல் கொடுத்துத் திரும்பி வந்து, அதைச் சேமித்துவிட்டு அணை. உனக்குத் தெரியாத பெயராக இருந்து, திறந்த வேலை எதுவும் இல்லை என்றால் பட்டனை அழுத்தலாம். தினமும் அதே பெயர் வந்தால், அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பு. ஆப்பைப் பார்த்துச் சொல்கிறேன்.