பட்டி போட்டா துரு போயிடுமா?

கேள்வி: அண்ணே, நான் தூத்துக்குடி. அப்பா 1998ல வாங்குன வெள்ளை மாருதி 800 இன்னும் வீட்டுல ஓடுது, எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. ஆனா இடது பக்கம் பின் வீல் ஆர்ச்சுல, அதாவது சக்கரத்துக்கு மேல வளைஞ்சு நிக்கிற தகரத்துல, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்பி நிக்குது, டிரைவர் கதவுக்குக் கீழ ரன்னிங் போர்டுலயும் ரெண்டு இடத்துல இருக்கு. ஒரு டிங்கர் (கார் பாடித் தகரம் சரி பண்றவர்) துருவைச் சுரண்டிட்டு, பள்ளத்தை நிரப்புற பட்டிப் பசையைப் போட்டு பெயிண்ட் அடிச்சுரலாம், ரெண்டே நாள்னு சொல்றார். இன்னொருத்தர் வெட்டித்தான் ஆகணும்ங்கிறார். யார் பேச்சைக் கேக்குறது? நானே வீட்டுல ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: வெட்டணும்னு சொன்னவர் பக்கம்தான் தம்பி நான். ஆனா எவ்வளவு வெட்டணும்ங்கிறதை நீங்களே பார்த்துட்டுப் போங்க, இல்லன்னா ஒரு சாண் வேலைக்கு ஒரு முழம் பில் வரும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. கல் பட்டு, கீறல் விழுந்து வர்ற துரு வெளிய இருந்து ஆரம்பிக்கும், செம்மண் கலர்ல கறை தெரியும், அது சின்ன விஷயம். கொப்புளம் அப்படி இல்ல, பெரும்பாலும் தகரத்தோட பின்பக்கம் இருந்து அரிச்சு வந்து கடைசியாத்தான் பெயிண்டைத் தூக்கும், ஏன்னா இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு இடம் கேக்கும், அதுக்கு வேற வழி இல்லாம பெயிண்டைத் தள்ளிக்கிட்டு வெளிய வருது. அதாவது நீங்க வெளிய பாக்குறது ஒரு ரூபா காசு அளவுன்னா உள்ள உள்ளங்கை அளவு இருக்கும்னு வச்சுக்கோங்க. உங்க ஊர்ல உப்பளக் காத்து வேற, ஆர்ச் மடிப்புக்குள்ள ஒட்டியிருக்கிற சேத்துல உப்பு கலந்துட்டா மழையே இல்லாத மாசத்துலயும் அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டே இருக்கும், காயவே காயாது.

போன மாசம் நம்ம ஷெட்டுக்கு ஒரு பழைய வண்டி வந்துச்சு, வேற எங்கயோ ரெண்டு வருசம் முன்னாடி 'வேலை பார்த்தது'. ஆர்ச்சுல ஸ்க்ரூடிரைவரை லேசா வச்சேன், சரக்குன்னு உள்ள போயிடுச்சு. உடைச்சுப் பார்த்தா கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி, அதுக்குப் பின்னாடி தாங்குறதுக்கு நியூஸ்பேப்பரைச் சுருட்டி அடைச்சிருக்காங்க, பேப்பர் பூரா ஈரம். தகரம்னு ஒண்ணு அங்க இல்லவே இல்ல. பட்டிங்கிறது டெண்ட் (நசுங்கல்) எடுத்த பிறகு மிச்சம் இருக்கிற மேடுபள்ளத்தைச் சமமாக்க, ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல போடக் கூடாது. அது ஈரத்தையும் உறிஞ்சும், துரு மேல அதைப் போட்டா துருவுக்குத் தண்ணி கட்டுற மாதிரிதான்.

இப்ப சோதனை. பின் வீலைக் கழட்டிட்டு ஆர்ச் மடிப்புக்குள்ள விரலை விட்டு சேத்தை எல்லாம் வழிச்சு எடுங்க, நல்லா கழுவி ஒரு நாள் வெயில்ல காய விடுங்க. அப்புறம் ஒரு காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி ஆர்ச் மேல நகத்திக்கிட்டே போங்க, பிடிப்பு விட்டுப் போற இடத்துல ஏற்கனவே யாரோ பட்டி போட்டிருக்காங்கன்னு அர்த்தம். கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால குத்திப் பாருங்க. அது முடிஞ்சதும் உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி ரன்னிங் போர்டு தரையோட சேர்ற ஓரத்தைப் பாருங்க, இதை யாரும் பண்றதே இல்ல. 800ல பேட்டரி ட்ரேயையும் பாத்துடுங்க, ஆசிட் வழிஞ்சு வழிஞ்சு அந்த இடம் சத்தமில்லாம போயிருக்கும்.

குத்தும்போது தகரம் கெட்டியா இருந்து மேல மட்டும் சொரசொரன்னு இருந்தா அது நீங்களே பாக்கலாம். கிரைண்டர்ல ஒயர் பிரஷ் போட்டு, அப்புறம் 80 நம்பர் எமரி போட்டு பளிச்சுன்னு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க, கொப்புளத்தைச் சுத்தி நல்லா ஒட்டியிருக்கிற பெயிண்ட்லயும் ரெண்டு அங்குலம் உள்ள போங்க. கண்ணாடி, மாஸ்க் கண்டிப்பா போடுங்க, ஒயர் பிரஷ் கம்பி தெறிச்சு கண்ணுல பட்டவங்களைப் பார்த்திருக்கேன். குழிக்குள்ள கருப்புப் புள்ளி மிச்சம் நிக்கும், அதுக்குத்தான் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர்ங்கிற துரு மருந்து, டப்பாவுல போட்டிருக்கிற நேரம் விட்டு அதுல சொன்னபடியே துடைங்க. காஞ்சதும் எபாக்ஸி பிரைமர், பெயிண்டுக்கு அடியில அடிக்கிற முதல் பூச்சு அது. ரெட் ஆக்சைடு அடிச்சா போதாதான்னு கேப்பீங்க, அது கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி, காருக்கு எபாக்ஸிதான் ஈரத்தை உள்ள விடாம நல்லா அடைக்கும். பிரைமர் அடிக்காம வெறும் தகரத்தை ராத்திரி பூரா விட்டுடாதீங்க, உங்க ஊர்க் காத்துல காலையில மஞ்சப் பூத்து நிக்கும். பட்டி தேவைப்பட்டா எபாக்ஸி காஞ்ச பிறகு அது மேல போடுங்க, பட்டியைத் தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க.

ஓட்டை விழுந்திருந்தா டிங்கர்கிட்டதான் போகணும். அவர்கிட்ட சொல்ல வேண்டியது: கெட்ட தகரத்தை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டுங்க, 20 இல்லன்னா 22 கேஜ் கனத்துல சிஆர் ஷீட்ல (ஜிங்க் பூசாத சாதா இரும்புத் தகரம்) பீஸ் அடிச்சு விளிம்போட விளிம்பு சேத்து மிக் (MIG) வெல்டிங் பண்ணுங்க. பழசு மேலயே புதுத் தகரத்தை ஒட்டுப்போட்டா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நிக்கும், நாலு வருசத்துல மறுபடி இதே கதை. வேற வழியே இல்லாம மேல ஒட்டினா ஓரம் பூரா சீலர் போடச் சொல்லுங்க. மிச்சம் கிடக்கிற, ஜிங்க் பூசின ஜிஐ தகரத்தை எடுத்தா வேண்டாம்னு தைரியமா சொல்லுங்க, அந்த ஜிங்க் புகை வெல்டருக்கே காய்ச்சல் கொண்டுவரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டணும், கார்ப்பெட், சீட்டு வெளிய வரணும், பின்பக்கம் வேலைங்கிறதால பெட்ரோல் டேங்க் ரொம்ப பக்கம், அதைக் கழட்டாம நெருப்பு வைக்க விடாதீங்க.

பெயிண்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. இத்தனை வருசப் பழைய வெள்ளை இப்ப வெள்ளையா இருக்காது, கம்பெனி கலர் கோட் நம்பர் பாத்து கலக்குனா தனியாத் தெரியும், பெட்ரோல் ஊத்துற இடத்துல இருக்கிற, பெயிண்ட் அடிச்ச வெளி மூடியைக் கழட்டிக் கொண்டுபோய் பாலிஷ் போட்டு அதோட ஒத்துப் பாத்துக் கலக்கச் சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் அடிக்க வேண்டாம்.

எல்லாம் முடிஞ்ச பிறகு ரன்னிங் போர்டு குழிக்குள்ள கேவிட்டி வேக்ஸ், அதாவது துரு தடுக்கிற மெழுகு, அடிக்கணும், நீள டியூப் வச்ச ஸ்ப்ரே கிடைக்குது. இதைப் பெயிண்டுக்கு முன்னாடி பண்ணிட்டா வழிஞ்சு வந்து பெயிண்ட் ஒட்டாது, அதனால வரிசை முக்கியம். கழிவு ஆயிலை ஊத்துறவங்க இருக்காங்க, ஊத்தாதீங்க, கதவோரத்து பீடிங் ரப்பர் ஊறிப் போகும், அடுத்த தடவை வெல்டிங் வந்தா தீப்பிடிக்கும். கதவோட அடிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அதைத் துருன்னு நினைச்சு அடைச்சிடாதீங்க, கண்ணாடி வழியா இறங்குற தண்ணி வெளிய போற வழி அது, ஒரு தீக்குச்சியை விட்டுக் குத்தி விடுங்க.

கார்ப்பெட்டைத் தூக்கும்போது தரையிலயும் ஸ்க்ரூடிரைவர் இறங்குச்சுன்னா எதையும் வெட்ட ஆரம்பிக்காதீங்க, முதல்ல எனக்கு எழுதுங்க, அது வேற கணக்கு.