பரிசுக்குரிய படைப்பு இல்லை: அகுதாகவா பரிசு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2025 ஜூலையில் டோக்கியோவில், ஜப்பானின் இலக்கியப் பரிசுகளான அகுதாகவா, நவோகி இரண்டுமே யாருக்கும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அத்தனை வாசிக்கிற நாட்டில் ஆறு மாதத்தில் ஒரு நல்ல கதைகூடவா வரவில்லை? நடுவர்களுக்குள் சண்டையா? விருந்தகத்தில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள் என்றும் படித்தேன். அப்படியென்றால் சிபாரிசு நுழையாதா?

ம.செ., நாகர்கோவில்

அன்புள்ள ம.செ.,

சண்டையே தேவையில்லை, மதிப்பெண் கணக்கு ஒன்றே போதும். ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு குறி இடுவார். வட்டம் என்றால் 1, முக்கோணம் அரை, பெருக்கல் குறி என்றால் பூஜ்யம். பாதிக்கு மேல் வாங்கினால்தான் பரிசு. நடுவர்கள் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, ஐந்து பேர் நிராகரித்த கதைக்கு 4 மதிப்பெண். இரண்டே வட்டமும் ஆறு முக்கோணமும் வாங்கிய சாதுவான கதைக்கு 5. முதல் சுற்றில் பின்தங்கியதைக் கழித்துவிட்டு, விவாதித்து, மறுபடி வாக்களிப்பார்கள். பேச்சில் முக்கோணங்கள் வட்டமாகவும் மாறும், பெருக்கலாகவும் மாறும். இரண்டு படைப்புகள் கோட்டைத் தாண்டினால் இரண்டுக்கும் பரிசு. எதுவும் தாண்டாவிட்டால் ‘பரிசுக்குரிய படைப்பு இல்லை’. தனித்தனியாக இது பலமுறை நடந்ததுதான். இரண்டு பரிசுகளும் ஒரே சமயத்தில் இல்லாமல் போனது 1998 ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான். நஷ்டம் புத்தகக் கடைக்காரர்களுக்கு.

நவோகி வெகுஜன எழுத்துக்கு, பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்கு. அகுதாகவாவுக்கு வரம்பு குறுகல். புதிய எழுத்தாளராக இருக்க வேண்டும். இதழில் வந்த சிறுகதையாகவோ குறுநாவலாகவோ இருக்க வேண்டும். டிசம்பர் முதல் மே வரை வந்தவை ஜூலையிலும், ஜூன் முதல் நவம்பர் வரை வந்தவை ஜனவரியிலும் பரிசீலனைக்கு வரும். முதலில் சலித்தெடுப்பவர்கள் புங்கெய்ஷுன்ஜூ பதிப்பக ஊழியர்கள். இறுதிப் பட்டியலில் சேர்க்குமுன் எழுத்தாளரிடம் சம்மதம் கேட்பார்கள். கூட்டம் டோக்கியோவின் த்சுகிஜி பகுதியில் ஷின்கிராகு என்ற பழைய விருந்தகத்தில், கீழ்த்தளத்தில் அகுதாகவா, மாடியில் நவோகி. அன்று மாலை எழுத்தாளர் தன் பதிப்பாசிரியர்களோடு எங்காவது உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பரிசு ஒரு சட்டைப்பைக் கடிகாரமும் 10 லட்சம் யென்னும். கடிகாரம்தான் முதல் பரிசு; பணம் துணைப் பரிசு.

சிபாரிசு விஷயத்துக்கு வருகிறேன். 1935இல் நடந்த முதல் தேர்விலேயே அதற்கு வித்து விழுந்துவிட்டது. பட்டியலில் இருந்த எழுத்தாளர் ஒசாமு தசாய்க்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர் யசுனாரி கவாபாத்தா தன் தேர்வுக் குறிப்பில், இந்த ஆளின் தற்போதைய வாழ்க்கையின் மேல் விரும்பத்தகாத மேகம் படிந்திருக்கிறது, அதனால் திறமை நேராக வெளிப்படவில்லை என்று எழுதினார். (கவாபாத்தாவைப் போல) பறவை வளர்ப்பதும் நடனம் பார்ப்பதும் அவ்வளவு உயர்ந்த வாழ்க்கையோ, கத்தியால் குத்தலாமா என்றுகூட நினைத்தேன் என்று தசாய் அச்சிலேயே பதில் கொடுத்தார். அடுத்த முறைக்கு இன்னொரு நடுவரான ஹருவோ சாத்தோவுக்குப் பரிசு கேட்டுக் கெஞ்சிக் கடிதம் போட்டார். சுமார் 4 மீட்டர் நீளச் சுருள், 2015இல் கிடைத்திருக்கிறது. பரிசு கடைசிவரை வரவில்லை.

கவாபாத்தா சொன்னது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். கதையை விட்டுவிட்டு ஆளை எடைபோட்டிருக்கிறார். ஆனால் அதைத் தன் பெயரில், அச்சில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். இந்த வழக்கம் இன்றும் உண்டு. ‘புங்கெய்ஷுன்ஜூ’ இதழில் பரிசு பெற்ற படைப்பு முழுதாக மறுபிரசுரமாகும்போது, ஒவ்வொரு நடுவரின் குறிப்பும் கூடவே வரும்; தோற்றவற்றைப் பற்றியும் எழுதுவார்கள். உப்புச்சப்பில்லாத ஒன்றைத் தூக்கிப் பிடித்த நடுவரை அடுத்த மாதமே வாசகர்கள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவார்கள். பூட்டிய அறையில் பேசினாலும் சிபாரிசு எளிதில் செல்லாமல் போவது இதனால்தான். நம் ஊர் விருதுகளில் பாராட்டுப் பத்திரம் அச்சாகிறது, காரணம் அச்சாவதில்லை.

இதற்காக அதைப் புனிதப் பசுவாக்க வேண்டாம். புங்கெய்ஷுன்ஜூ பதிப்பகமே ‘புங்காக்குகாய்’ என்ற இலக்கிய இதழையும் நடத்துகிறது. அதில் வந்த கதைகளும் போட்டியில் இருக்கும். பரிசை ஏற்படுத்திய கிகுச்சி கான், பாதி தன் பத்திரிகையின் விளம்பரத்துக்குத்தான் என்று ஒளிக்காமல் எழுதியவர். 2004 ஜனவரியில் 19 வயது ரிசா வதாயாவும் 20 வயது ஹிதோமி கனெஹாராவும் சேர்ந்து பரிசு வாங்க, அந்த இரு படைப்புகளையும் மறுபிரசுரித்த ‘புங்கெய்ஷுன்ஜூ’ இதழ் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கிகுச்சி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

பெரிய ஓட்டை, புதியவர், சிறிய வடிவம் என்ற இரட்டை வரம்பு. இன்று உலகப் புகழ் பெற்ற ஹருகி முரகாமி 1979இலும் 1980இலும் பட்டியலில் வந்தார், இரண்டு முறையும் தேறவில்லை. பிறகு அவர் நீண்ட நாவல்களுக்குப் போய்விட்டார், புதியவர் என்ற தகுதியும் போயிற்று. நடுவர்களுக்கு மனம் மாறியிருந்தாலும் கொடுக்க வழியில்லை.