நட்சத்திரம் இருக்கட்டும்
வாசகர் கேள்வி – பதில்: மின்னஞ்சலில் அழுத்தக் குறிகள்

கேள்வி: அலுவலக மின்னஞ்சல்களில் சில சொற்களின் இருபுறமும் * குறி வருகிறது. அனுப்பியவரைக் கேட்டால், "நான் போல்டு மட்டும்தான் செய்தேன்" என்கிறார். அப்படியானால் குறியைப் போட்டது யார்?
– வாசகர், ஈரோடு

பதில்: அவருடைய ஜிமெயில். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கி அனுப்பினால், ஒரே கடிதத்துக்குள் இரண்டு பிரதிகள் போகின்றன. ஒன்று எழுத்தின் வடிவத்தையும் சொல்லும் எச்டிஎம்எல், இன்னொன்று வெறும் உரை. வெறும் உரையில் தடிப்பைக் காட்ட வழியில்லை. அதனால் அந்தச் சொல்லை நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே வைத்துவிடுகிறது. உங்கள் மென்பொருள் இந்த இரண்டாவது பிரதியைத் திறக்கிறது. அது தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் என்றால் 'வியூ' பட்டியலில் 'மெசேஜ் பாடி ஆஸ்' என்பதைப் பாருங்கள். 'பிளெயின் டெக்ஸ்ட்' தேர்வாகியிருக்கும். 'ஒரிஜினல் எச்டிஎம்எல்' என்று மாற்றினால் நட்சத்திரம் போய்த் தடித்த எழுத்து வரும்.

இந்தப் பழக்கம் ஜிமெயிலைவிடப் பழையது. 1995 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பிலேயே, அழுத்திச் சொல்ல நட்சத்திரம் போடுங்கள், அடிக்கோட்டுக்கு _ போடுங்கள் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: தண்டர்பேர்டு *அவசரம்* போன்ற சொல்லைத் தடித்துக் காட்டுகிறது, ஆனால் நட்சத்திரத்தையும் விட்டுவைக்கிறது. தடித்த பிறகு குறி எதற்கு? மறைத்துவிடுவதுதானே முறை?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மறைக்கக் கூடாது. மின்னஞ்சல் படிக்கும் எந்த மென்பொருளும், அமைப்பு எதையும் மாற்றாத நிலையில், தண்டர்பேர்டு செய்வதையே செய்ய வேண்டும்: தடிப்பைக் கூட்டலாம், அனுப்பியவர் தட்டிய எழுத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

காரணம், இது ஊகம். எச்டிஎம்எல்லில் 'இது தடித்த எழுத்து' என்று அனுப்பியவரே அறிவிக்கிறார். வெறும் உரையில் அப்படி அறிவிப்பு கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்து மென்பொருள் தானாக முடிவுகட்டுகிறது. அந்த முடிவு தவறும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தண்ணீர்த் தொட்டிக்கு அளவு கேட்கிறீர்கள், 12\*8\*3 அடி என்று பதில் வருகிறது. அந்த உரையை மார்க்டவுன் (குறிகளை எழுத்து வடிவமாக மாற்றும் முறை) விதிப்படி காட்டும் மென்பொருளில் திறந்தால் நடுவிலுள்ள 8 சாய்வெழுத்தாகும், இரண்டு நட்சத்திரமும் மறையும். கண்ணுக்குத் தெரிவது 1283 அடி. பைத்தான் நிரல்மொழியில் வரும் \_\_இனிட்\_\_ என்ற பெயரும் அப்படித்தான். நான்கு கோடுகளும் மறைந்து 'இனிட்' மட்டும் தடித்து நிற்கும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் நிரல் ஓடாது, ஏன் ஓடவில்லை என்பதும் தெரியாது.

தண்டர்பேர்டிலும் ஊகம் தவறும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ மாதிரியான கோப்புப் பாதை சில வரிகளில் சாய்ந்துவிடும், ஏனென்றால் சாய்கோடு அங்கே சாய்வெழுத்துக்கான குறி. ஆனால் கோடுகள் அப்படியே இருப்பதால் பாதை சிதையாது. எழுத்து சாய்ந்ததோடு நஷ்டம் முடிந்தது. குறியை மறைத்தால், நஷ்டம் நடந்ததே வாசகருக்குத் தெரியாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் \_ போட்டால் சாய்வு, தண்டர்பேர்டில் அடிக்கோடு. எது சரி?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டுக்கும் பொதுவான விதி இல்லை. ஒற்றை நட்சத்திரம் வாட்ஸ்அப்பிலும் தண்டர்பேர்டிலும் தடிப்பு. 2004-இல் வந்த மார்க்டவுனில் அதுவே சாய்வு, தடிப்புக்கு இரட்டை நட்சத்திரம் வேண்டும். குறியைத் திரையில் விட்டுவைக்க இது இன்னொரு காரணம். வடிவம் மாறினாலும் அழுத்தம் எங்கே என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: மின்னஞ்சல் காட்டும் சிறு நிரல் ஒன்று எழுதுகிறேன். \*பல\*, \*சில\* என்பவை தடிக்கின்றன; \*அவசியம்\*, \*நாளை\* தடிக்கவில்லை. எங்கே பிழை?
– மாணவர், கோவை

பதில்: மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் 'எழுத்து' இருக்கிறதா என்று உங்கள் நிரல் சோதிக்கிறது. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ம் என்பது ஒரே எழுத்து அல்ல: ம, அதன்பின் புள்ளி, ஆக இரண்டு குறியீடுகள். புள்ளியும், ா, ி, ை போன்ற உயிர்க்குறிகளும் 'எழுத்து' வகையில் இல்லை, 'சேர்குறி' வகையில் இருக்கின்றன. 'பல' என்பது ல என்ற எழுத்தில் முடிவதால் தப்பித்தது. தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடிவதால், இந்தச் சோதனையில் பாதிக்கு மேல் விழுந்துவிடும்.

பைத்தானில் உரையைத் தேடிப் பொருத்தும் ஆர்ஈ தொகுதியில் 'சொல்லெழுத்து' என்ற சுருக்கக் குறி சேர்குறிகளை விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது, ஆகவே அங்கே 'பல'கூடத் தேறாது. எழுத்து வகை, சேர்குறி வகை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் யூ கொடியுடன் யூனிகோடு வகைகளைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். பைத்தானில் அதற்கு ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுதியை நிறுவ வேண்டும். திறக்கும் குறிக்கு முன்னால் எழுத்தோ எண்ணோ இருந்தால் தொடாமல் விடுங்கள். மேலே சொன்ன தொட்டி அளவு அதனால் பிழைக்கும்.

இன்னொன்று. தமிழுக்குத் தடிப்பு ஒன்றே போதும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனியாக வரைந்த சாய்வெழுத்து இல்லை, நேரெழுத்தையே கணினி சாய்த்துத் தள்ளும். அடிக்கோடோ கு, ழு, மூ ஆகியவற்றின் கீழ்ச்சுழியை வெட்டிக்கொண்டு போகும். சிறிய அளவில் படிக்கக் கண் வலிக்கும்.

கேள்வி: எனக்குத் தடிப்பே வேண்டாம், வந்தது வந்தபடி தெரிய வேண்டும். தண்டர்பேர்டில் வழி உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. 'செட்டிங்ஸ்' திறந்து 'ஜெனரல்' பகுதியின் அடிவரை போங்கள். அங்கே 'கான்ஃபிக் எடிட்டர்' பொத்தான் இருக்கும். தேடல் பெட்டியில் மெயில்.டிஸ்ப்ளே\_ஸ்ட்ரக்ட் என்பதை ஆங்கில எழுத்துகளில் (mail.display_struct) தட்டுங்கள். 'ட்ரூ' என்று இருப்பதை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டு, கடிதத்தை மறுபடி திறங்கள். மெயில்.டிஸ்ப்ளே\_கிளிஃப் (mail.display_glyph) என்பது வேறு. :-) போன்ற சிரிப்புக் குறிகளைப் படச்சின்னமாக்குவதும், +/- என்பதை ± ஆக்குவதும் அதன் வேலை. கணக்கோ நிரலோ அதிகம் வரும் பெட்டி என்றால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சரியாகக் குறி போட்டும் சில இடங்களில் தடிப்பு வரவில்லையே?
– வாசகி, சேலம்

பதில்: குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பீர்கள். அல்லது தொடர் நீளமாகி, திறக்கும் குறி ஒரு வரியிலும் மூடும் குறி அடுத்த வரியிலும் விழுந்திருக்கும். வெறும் உரைக் கடிதம் வழக்கமாக 72 எழுத்தை ஒட்டி மடிக்கப்படுகிறது, தண்டர்பேர்டு வரிவரியாகத்தான் பார்க்கிறது. ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் குறிக்குள் போடாதீர்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு அனுப்பும்போது இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தற்குறி எல்லாம் வாசிக்கும்படி அமைத்திருந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் அவர் காதில் 'ஸ்டார்' என்று விழும்.