கேப்டனாக இருந்ததே இல்லை. தலைமைப் பண்பு என்று என்ன எழுதுவது?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆறு வருடமாகப் பள்ளி வாலிபால் அணியில் லிபெரோ, அதாவது பின்வரிசையில் தடுத்தாடும் இடம். கேப்டனாக இருந்ததில்லை, சொல்லிக்கொள்ளும்படி மெடலும் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் விண்ணப்பிக்கிறேன். என் விழுமியங்கள், தலைமைப் பண்பு, விளையாட்டு ஆர்வம் மூன்றையும் ஒரே கட்டுரையில் எப்படிக் கொண்டுவருவது? முதல் வரைவை இணைத்திருக்கிறேன். கடைசி டோர்னமென்ட்டில் ஆடக்கூட இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன். நான் ரிசீவ் சொல்லிக்கொடுத்த ஜூனியரையே என் இடத்தில் கோச் இறக்கிவிட்டார்.

பதில்: வரைவைப் படித்தேன். "வாலிபால் எனக்கு ஒழுக்கத்தையும் விடாமுயற்சியையும் குழு உணர்வையும் கற்றுத் தந்தது" என்று தொடங்குகிறது. வாலிபாலை எடுத்துவிட்டு நீச்சல் என்று போட்டாலும் அந்த வாக்கியம் அப்படியே நிற்கும். குழு உணர்வு மட்டும் கொஞ்சம் இடிக்கும். சொல்லியிருப்பது எதுவும் பொய் இல்லை. ஆனால் அடுத்தடுத்து விண்ணப்பங்களைப் புரட்டுகிற அலுவலருக்கு உங்கள் முகம் அதில் தெரியாது.

முகம் தெரிகிற இடம் உங்கள் மெயிலின் கடைசி இரண்டு வரி. விட்டுவிட்டேன் என்று சொல்கிறீர்களே, அந்த வரிகள்தான். கட்டுரை அங்கே இருக்கிறது.

அதற்கு வருவதற்கு முன், மூன்றையும் ஒரே கட்டுரையில் திணிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதப்போவது ஒரே ஆளுக்கு அல்ல. பிரிட்டனில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் அந்தப் பாடத்துறையைச் சேர்ந்தவர், அல்லது அந்தத் துறைக்காக ஆள் எடுப்பவர். 2026 சேர்க்கையிலிருந்து அங்கே ஒரே நீளக் கட்டுரை கிடையாது. மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது அதற்கு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும் என்பவைதான் அந்த மூன்றும். வாலிபாலுக்கு இடம் மூன்றாவதில்தான், அதுவும் இரண்டு மூன்று வாக்கியம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இன்னும் கறார். பாடத்தோடு ஒட்டாத விளையாட்டை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை; அதில் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று தேடுகிறார்கள். அது போக, பத்துச் செயல்பாடுகள் வரை பட்டியலிட இடம் உண்டு, ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகள்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். இங்கே கை தாராளமாக ஓடும், ஜாக்கிரதை. எல்லாவற்றையும் கூட்டி வாரத்துக்கு 90 மணி நேரம் காட்டிய பட்டியல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தூங்கவே மாட்டாயா என்று கேட்டேன். (விளையாட்டுத் திறமைக்காகவே கோச் தேடிப் பிடித்து எடுக்கும் வழி ஒன்றும் அங்கே உண்டு. அது தனி உலகம், உங்களுக்குத் தேவைப்படாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதே இல்லை என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். அதை வைத்து யாராவது ஆசை காட்டினால் நம்பவேண்டாம்.)

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் போடுகிறீர்கள் என்றால், எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுதவேண்டும். முதல் கேள்வியே தலைமைப் பண்பு பற்றியது. நிதானமாகப் படித்துப் பாருங்கள், கேப்டன் பதவி பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பிறரிடம் நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தது, சச்சரவைத் தீர்த்துவைத்தது, குழுவின் வேலைக்குக் கொஞ்ச காலமாவது தோள் கொடுத்தது, இதில் ஏதாவது ஒன்றைத்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்ட விழுமியம், தலைமைப் பண்பு, விளையாட்டு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1902இல் இறந்த பிரிட்டிஷ் காலனியாதிக்கவாதி செசில் ரோட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவித்தொகை ஏற்படுத்தி உயில் எழுதிவைத்தார். படிப்பு மட்டும் போதாது, வெளிக்கள விளையாட்டில் பிரியம், உண்மை, துணிவு, எளியவர்மேல் பரிவு, பிறரை வழிநடத்தும் குணம் எல்லாம் வேண்டும் என்பது அவருடைய பட்டியல். ஆப்பிரிக்காவில் அவர் செய்தவற்றை வைத்துப் பார்த்தால், பரிவு என்ற சொல்லை அவர் கையெழுத்தில் படிக்கும்போது கொஞ்சம் நெருடும். பெண்களுக்கு அந்த உதவித்தொகை 1977இல்தான் திறந்தது. இன்று அங்கேயே விளையாட்டு கட்டாயம் இல்லை; இருக்கும் திறமையை முழு மூச்சோடு செலவிடுகிற ஆளா என்று பார்க்கிறார்கள், அது இசையாகவும் இருக்கலாம், மேடை நாடகமாகவும் இருக்கலாம். ஆகவே மெடல் இல்லாததை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் ஆட்டம். லிபெரோ என்றால் என்னவென்று பலருக்குத் தெரியாது, விண்ணப்பம் படிப்பவர் உட்பட. 1998இல் சர்வதேச ஆட்டத்துக்குள் வந்த இடம் அது. வேறு நிற ஜெர்சி. பின்வரிசையில் மட்டும் நிற்கவேண்டும். சர்வதேச விதிப்படி சர்வ் போடக்கூடாது, பிளாக் செய்யக்கூடாது, வலைக்கு மேலே இருக்கிற பந்தை அடித்து அனுப்பக்கூடாது. ஸ்கோர் போர்டை ஏற்றும் வேலைகளெல்லாம் பெரும்பாலும் மற்றவர்களுக்கு. மீதி இருப்பது எதிரணி அனுப்புவதை எடுத்துக் கொடுப்பதும், வாயும்தான்.

அந்த வாயைக் குறைவாக எடைபோட்டுவிட்டீர்கள். பின்னால் நிற்பதால் மைதானம் முழுவதும் உங்கள் கண்ணில் இருக்கிறது. கோட்டை நோக்கிப் பந்து வருகிறது, "விடு, அவுட்!" என்று கத்துகிறீர்கள், அதை எடுக்கப் பாய்ந்தவர் கையை இழுத்துக்கொள்கிறார். பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஒரு பாயின்ட் போச்சு, எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். பந்து விழுவதற்கு முன்பே உங்கள் குரலை நம்பி ஒருவர் கையை இழுத்துக்கொண்டாரே, தலைமைப் பண்பு என்று அவர்கள் கேட்பது அதைத்தான். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, தப்பாகச் சொன்ன ஒரு தடவை என்ன ஆயிற்று, அடுத்த பந்துக்கு வாயைத் திறந்தீர்களா என்று எழுதினாலே 350 சொல் பத்தாது.

இப்போது அந்த ஜூனியர். முழுக்கதையையும் கேட்டு நான் எழுதியதற்கு நீங்கள் அனுப்பிய பதிலிலிருந்து சில வரிகளை மட்டும் பிரித்துக் கீழே வைக்கிறேன். சொல் ஒன்றும் என்னுடையது இல்லை (ஃப்ளோட் சர்வ் என்றால் பந்தைச் சுழலவிடாமல் போடும் சர்வ்):

"ஃப்ளோட் சர்வ் வந்தால் அவள் ஒரு அடி பின்னால் போவாள். தோளைப் பார், பந்தைப் பார்க்காதே என்று தினமும் சொன்னேன். பிராக்டிஸ் முடிந்து இருபது நிமிடம், இரண்டு மாதம். கால் இறுதிக்குப் பெயர் படித்தபோது லிபெரோ என்று அவள் பெயர் வந்தது. முதல் சர்வை அவள் சரியாக எடுத்தாள். நான் கை தட்டினேன், ஆனால் கொஞ்சம் லேட்டாக."

அந்தக் "கொஞ்சம் லேட்டாக"வைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அவள் சரியாக எடுத்தது உங்களுக்குச் சந்தோஷம், வயிற்றெரிச்சல் இரண்டையும் தந்தது, இரண்டும் இருக்கட்டும். பொறாமையே படாத பதினேழு வயதுப் பெண் என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. பெருந்தன்மை என்ற சொல் கட்டுரையில் எங்கும் வரக்கூடாது. அடுத்த நாள் பிராக்டிஸுக்குப் பிறகு அந்த இருபது நிமிடம் நின்றீர்களா இல்லையா? மெயிலில் அதைச் சொல்லவில்லை. நின்றிருந்தால் அதோடு முடிக்கலாம். நிற்கவில்லை என்றால் அதையும் எழுதலாம், எத்தனை நாள் கழித்துப் போனீர்கள் என்று. ஒருவேளை அதுதான் இன்னும் நல்ல கட்டுரையாக இருக்கும். ஸ்கோர் வேண்டாம். அந்த ஆட்டத்தில் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதுகூட ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

காமன் ஆப் பட்டியலின் 150 எழுத்தில் இந்தக் கதையைத் திரும்பச் சொல்லாதீர்கள். "லிபெரோ, 6 வருடம். சர்வ் ரிசீவ் பொறுப்பு. ஜூனியருக்குப் பயிற்சி, இப்போது மெயின் அணியில்." இவ்வளவுதான். ஆங்கிலத்தில் வினைச்சொல்லில் ஆரம்பித்து இதே மாதிரி அடக்கிவிடுங்கள்.

யூகாஸுக்கு இன்னொரு நூல் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. ஃப்ளோட் சர்வில் பந்து சுழலாது. சுழலாத பந்தின் பின்னால் காற்று ஒரே சீராகப் பிரிவதில்லை. பக்கவாட்டு விசை மாறிக்கொண்டே இருப்பதால் பந்து கடைசி நேரத்தில் இடமோ வலமோ நழுவுகிறது, சிலசமயம் சட்டென்று இறங்குகிறது. இரண்டு மாதம் அந்த ஜூனியரோடு மல்லுக்கட்டியது இந்தப் பாய்ம இயக்கவியலோடுதான். அப்போதே இதைத் தேடிப் படித்திருந்தால், அல்லது இப்போது உட்கார்ந்து உண்மையாகவே படித்தால், மூன்றாவது கேள்விக்கு வாலிபாலும் இன்ஜினியரிங்கும் சேர்ந்த பதில் கிடைக்கும். படிக்காமல் எழுதவேண்டாம். நேர்முகம் வைக்கும் இடங்களில் முதல் கேள்வியே அதிலிருந்து வரலாம், அப்போது "இணையத்தில் பார்த்தேன்" என்று சொன்னால் நாக்கு உலர்ந்துபோகும்.

வேறொருவரை வைத்து எழுதவைப்பது பற்றி அந்தப் பதில் மெயிலின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். யூகாஸ் எல்லா விண்ணப்பங்களையும் பிற விண்ணப்பங்களோடு ஒப்பிட்டு ஒற்றுமை பார்க்கிறது. ஒரே ஆள் பலருக்கு எழுதிக்கொடுத்தால் அங்கேயே மாட்டும். அதைவிட, கை தட்ட லேட்டானதை அந்த ஆள் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்?

கோச்சிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது நல்லதுதான், ஆனால் எல்லா இடத்திலும் எடுபடாது. ஆசிரியர் கடிதங்கள் போக, மற்றவர் ஒருவரின் கடிதத்தையும் ஏற்பதாகச் சொல்லும் கல்லூரிகளுக்கு மட்டும் அவரிடம் கேளுங்கள். என்ன எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்களை வெளியே உட்காரவைத்த அந்த முடிவை எடுத்தவர் அவர்தான், மறந்திருக்க மாட்டார். இந்த வாரமே கேட்டுவிடுங்கள். டோர்னமென்ட் சீசன் தொடங்கிவிட்டால் கோச்சுகள் மெயில் பார்ப்பதில்லை.