வெர்திக்கியோ (அதே பெயர்த் திராட்சையில் செய்யும் இத்தாலிய வெள்ளை ஒயின்): உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வெர்திக்கியோ ஒன்று வாங்கிவிட்டேன். எதனுடன் சாப்பிடலாம்?

எந்த வெர்திக்கியோ? யேசி ஊருடையதா, மாத்தெலிக்கா ஊருடையதா? எந்த வருடம்? ரிசெர்வாவா, அதாவது கூடுதல் காலம் ஊறவைத்ததா? லேபிளைப் படித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை வறுத்த மீனுடன் குடியுங்கள், பெரிதாகத் தப்பாகாது. ரொம்பக் குளிர வைக்காதீர்கள்.

கடைசி மடக்கில் லேசான கசப்பு வருகிறது. பாட்டில் கெட்டுவிட்டதா?

இல்லை. பாதாம் பருப்பின் தோலைக் கடித்தது போன்ற அந்தக் கசப்பு இந்தத் திராட்சையின் சுபாவம். அது இல்லையென்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

யேசிக்கும் மாத்தெலிக்காவுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே மத்திய இத்தாலியின் மார்க்கே மாநிலம்தான். யேசியின் மலைச்சரிவுகள் அட்ரியாட்டிக் கடலைப் பார்த்து இறங்குகின்றன, அதனால் கடல்காற்று தாராளமாக வரும். மாத்தெலிக்கா உள்நாட்டுப் பள்ளத்தாக்கு. வடக்கு தெற்காக நீள்வதால் கடலின் இதம் அங்கே எட்டாது, இரவில் நன்றாகக் குளிரும். ஆகவே மாத்தெலிக்கா ஒயினில் புளிப்பு கூர்மையாக நிற்கும். யேசி இன்னும் இணக்கமானது. விளைச்சலும் யேசியில்தான் பல மடங்கு அதிகம், கடையில் எளிதாகக் கிடைப்பதும் அதுவே.

சோவாவே ஊர்த் திரெப்பியானோவும் இதுவும் ஒரே திராட்சையா?

ஆம். மரபணு ஆய்வு அப்படித்தான் சொல்கிறது.

மார்க்கேயின் துறைமுக நகரமான அங்கோனாவில் ப்ரொதெத்தோ என்ற மீன் குழம்பு சாப்பிடப் போகிறேன். தக்காளியும் வினிகரும் ஒயினைக் கொன்றுவிடாதா?

மென்மையான வெள்ளை ஒயின் என்றால் கொன்றுவிடும். வெர்திக்கியோவுக்கே புளிப்பு ஜாஸ்தி, அதனால் வினிகரோடு ஈடுகொடுத்து நிற்கும். பதின்மூன்று வகை மீன் போட வேண்டும் என்பது மரபு. எண்ணிக் கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கு வலையில் விழுந்ததுதான் கணக்கு. எலுமிச்சையை மட்டும் பிழியாதீர்கள்.

மீனுக்கு மட்டும்தான் வெர்திக்கியோ என்கிறார்கள். சரிதானா?

சரியில்லை. இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

1953-இல் ஃபாட்ஸி பத்தாலியா ஒயின் நிறுவனம் போட்டி வைத்து, மிலான் கட்டடக் கலைஞர் அந்தோனியோ மயோக்கி வரைந்த ஜாடி வடிவப் பாட்டிலைக் கொண்டுவந்தது. பச்சைக் கண்ணாடி, ஒடுங்கிய இடுப்பு, கழுத்தில் சின்னச் சுருள் காகிதம். உலகமெங்கும் விற்றது. அதோடு, கடற்கரை ஹோட்டலில் வறுத்த மீனுக்குக் குடிக்கிற மலிவு ஒயின் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். அதைத் தாண்டி யோசிக்காத நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

மார்க்கே மக்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். காட்டுச் சோம்பும் பூண்டும் திணித்து முயலைச் சுடுவார்கள், அதற்கு வெர்திக்கியோ. பாஸ்தாத் தாள்களுக்கு நடுவே கறியும் கோழி ஈரலும் அடுக்கடுக்காக வைத்துச் சுடும் வின்ச்சிஸ்கிராஸ்ஸிக்கு, நாலைந்து வருடம் ஆன ரிசெர்வா. ரிசெர்வா என்றால் ஒன்றரை வருடமாவது ஊறியிருக்க வேண்டும். நல்ல வருடத்துப் பாட்டில் பத்து வருடம் தாங்கும். அப்போது தேனும் காய்ந்த புல்லும் மணக்கும். அதை வெறும் வறுத்த கணவாயோடு குடித்துத் தீர்த்துவிட்டு, 'சுமார்தான்' என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள்!

மார்க்கேயின் அஸ்கோலி ஊர் ஆலிவுக்கும் இதுதான். கொட்டையைச் சுற்றிக் கத்தியைச் சுழற்றி, ஆலிவை ஒரே நாடாவாக உரித்தெடுத்து, உள்ளே கறியை வைத்து மூடி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். அதற்கு நுரைக்கும் வெர்திக்கியோ. பன்றிக்கறி, கோழி, முயல், எல்லாமே சரி. ரத்தம் சொட்டும் மாட்டிறைச்சிக்கு மட்டும் வேறு ஒயினைத் தேடுங்கள்.

ஸ்தொக்காஃபிஸ்ஸோ (காட் மீன் கருவாடு) சமைக்க மலிவு ஒயின் போதுமா?

மேசையில் குடிக்க மாட்டேன் என்கிற ஒயினை ஏன் சட்டியில் ஊற்றுகிறீர்கள்? அங்கோனாக்காரர்கள் கருவாட்டை நாள்கணக்கில் ஊறவைத்து, அடிப்பிடிக்காமலிருக்கச் சட்டியின் அடியில் நாணல் குச்சிகளைப் பரப்பி, மேலே உருளைக்கிழங்கால் மூடி, எண்ணெயும் வெர்திக்கியோவும் ஊற்றுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகும். கரண்டி போடக் கூடாது. எளிய யேசி ஒன்று சட்டிக்கு, அதில் மிச்சம் உங்களுக்கு.

ஃப்ரீசரில் வைத்துக் குடித்தேன். மணமே இல்லை.

எப்படி இருக்கும்? இளசு என்றால் பத்து டிகிரி, ரிசெர்வா என்றால் பன்னிரண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வையுங்கள். அப்புறம் ஊற்றுங்கள்.