ஜிடிபி (GDB) டீபக்கரில் கேள்விக்குறி வந்தால் ஓஎஸ் மாற்ற வேண்டுமா?

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒரு சென்டரில் வாங்கிய சி புரோகிராம், உபுண்டுவில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று நின்றுவிடுகிறது. பிழை தேட உதவும் டீபக்கரான ஜிடிபியில், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ‘பிடி’ (bt) கொடுத்தால் வரிசையாக இரட்டைக் கேள்விக்குறிகள். விழுந்த நேரத்து நினைவகத்தின் பதிவான கோர் ஃபைலும் வரவில்லை. டீபக்கர் கெட்டுவிட்டது, ஓஎஸ்ஸையே மாற்றவேண்டும் என்று சென்டரில் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: காசு கொடுக்காதீர்கள். டீபக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த வரி, எந்த ஃபங்ஷன் என்ற விவரத்தை கம்பைல் செய்யும்போதே புரோகிராமுக்குள் சேர்த்தால்தான் ஜிடிபியால் அதைச் சொல்ல முடியும். சி கம்பைலரான ஜிசிசிக்கு ‘மைனஸ் ஜி’ (-g) என்று கொடுப்பது அதற்குத்தான். கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். ‘மைனஸ் எஸ்’ (-s) இருந்தால் எடுத்துவிடுங்கள். அது பெயர்களையெல்லாம் உரித்துவிடும். வேகத்துக்காக கோடை மாற்றியமைக்கும் ‘ஓ2’ (-O2) இருந்தால், அதை நிறுத்தும் ‘ஓ0’ (-O0) ஆக்குங்கள். பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

சோர்ஸ் தராமல் ஓடும் ஃபைலை மட்டும் கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே ஏமாந்தாயிற்று. இந்த வியாபாரம் நடப்பதற்குச் சென்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டர்போ சி என்ற பழைய கம்பைலரின் நீலத் திரையை இன்னமும் விடாத லேப்கள் இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் சரியாக இருந்தால் மதிப்பெண். புரோகிராம் விழுந்தால் என்ன செய்வது என்று யார் சொல்லித்தருகிறார்கள்?

கோர் ஃபைலைத் தேடி அலைய வேண்டாம். பல கணினிகளில் அதன் அளவு வரம்பு பூஜ்யமாக இருக்கும். உபுண்டுவில் ஆப்போர்ட் என்ற, பிழை அறிக்கை சேகரிக்கும் புரோகிராம் வேறு நடுவில் புகுந்து அதை வாங்கிக்கொள்ளும். ஜிடிபிக்குள்ளேயே ‘ரன்’ கொடுத்து விழவையுங்கள், போதும். பிறகு ‘பிடி’. முதல் வரியில் ‘எஸ்டிஆர்லென்’ (strlen) போன்ற லைப்ரரி ஃபங்ஷன் தெரிந்தால் லைப்ரரி மேல் பழிபோடாதீர்கள். ‘அப்’ கொடுத்து உங்கள் ஃபங்ஷனுக்கு வாருங்கள். அந்த லைப்ரரி ஃபங்ஷனுக்குப் போன பாயின்டர் நல் ஆக (எந்த இடத்தையும் சுட்டாமல்) இருக்கிறதா என்று ‘பிரின்ட்’ போட்டுப் பாருங்கள்.

மைனஸ் ஜி கொடுத்தும் கேள்விக்குறி போகவில்லையென்றால் கதை வேறு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்பவேண்டும் என்ற முகவரி, ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியில் இருக்கிறது. யார் யாரை அழைத்தார்கள் என்பதை ஜிடிபி அதைப் பார்த்துத்தான் சொல்கிறது. இருபது எழுத்துக்கு இடம் ஒதுக்கிய அரேயில் ‘எஸ்டிஆர்சிபிஒய்’ (strcpy) வழியாக நூறு எழுத்தைத் திணித்தால், வழிந்தது அந்த முகவரியின் மேலேயே விழும். முகவரி அழிந்தபின் ஜிடிபி எதைப் படிக்கும்? ‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்ற செய்தி வந்தாலும் இதே வியாதிதான். இதற்கு மைனஸ் ஜி-யோடு ‘மைனஸ் எஃப்சானிடைஸ் ஈக்வல் அட்ரஸ்’ (-fsanitize=address) என்பதையும் சேர்த்து கம்பைல் செய்து, ஜிடிபி இல்லாமல் நேரடியாக ஓடவிடுங்கள். எல்லை தாண்டிய இடத்திலேயே நிறுத்தி, நீண்ட அறிக்கை ஒன்றைக் கொட்டும். மேலிருந்து படித்து வாருங்கள். உங்கள் ஃபைல் பெயரும் வரி எண்ணும் முதலில் தென்படும் இடத்தைத்தான் திருத்தவேண்டும்.