நாயகன் கெட்டவனாகவே இருக்கட்டும், நீங்கள் வக்கீலாகாதீர்கள்

கேள்வி (வாசகி, செங்காங்): ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய மலாய்க் கதையில் வரும் சிங்கபுராவின் பலசாலி பாடாங்கிடம் தோற்ற கலிங்கத்து மல்லன்தான் நாயகன். ஊர் திரும்ப முகமில்லாமல் சிங்கபுராவிலேயே தங்கிக் கடற்கொள்ளையரோடு சேர்கிறான், தன்னை நம்பிய மீனவப் பையனை முதல் அத்தியாயத்திலேயே விற்றுவிடுகிறான். எங்கள் எழுத்து வட்டத்தில் ‘இவனைப் பிடிக்கவில்லை’ என்கிறார்கள். சின்ன வயதில் அவன் தாய் பட்டினியில் இறந்ததாக ஓர் அத்தியாயம் சேர்த்தேன். அப்போதும் அதே பேச்சு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தாயை நீக்குங்கள். ‘பாவம், அம்மா செத்துப்போனாள், அதனால்தான் விற்றான்’ என்று நீங்கள் அவனுக்கு வக்கீலாக நின்று வாதாட ஆரம்பித்த உடனே படிக்கிறவர் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார், அதன்பின் கதை ஓடாது, விசாரணைதான் ஓடும். ஆன்டி-ஹீரோவை, அதாவது நல்லவனாக இல்லாத நாயகனை, யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. அடுத்து இவன் என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ளாமல் புத்தகத்தை மூட முடியக்கூடாது, அவ்வளவுதான்.

அதற்கு அவனுடைய ஆசை கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்களுக்கு அதிர்ஷ்டம், அது மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவிலேயே இருக்கிறது. அரண்மனை முன் கிடந்த பாறையை அந்த மல்லன் முழங்கால் வரைதான் தூக்குகிறான், கீழே விட்டுவிடுகிறான். பாடாங் அதே பாறையைத் தூக்கி ஆற்றுமுகத்துக்கு எறிகிறான். ஏழு கப்பல் சரக்கும் பந்தயத்தில் போகிறது. முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்க முடியாமல் போனவன் ராத்திரி எப்படித் தூங்குவான்? பட்டினியை விட இது பெரிய காரணம், ஏனென்றால் இது இந்த ஒருவனுக்கு மட்டுமே உரியது. பையனை விற்ற காசில் அவன் என்ன வாங்கினான் என்று எழுதுங்கள். சோறு என்றால் எனக்கு ஆர்வமில்லை. பலம் தரும் மந்திரம் என்றால் இன்றைக்கே படிக்கத் தயார். பாடாங்குக்கே பலம் எப்படி வந்தது? மீன் திருடிய பூதத்தைப் பிடித்து, அது வாந்தியெடுத்ததைத் தின்று வந்தது! இந்த ரகசியம் உங்கள் மல்லன் காதில் விழுந்தால் அவன் எதையெல்லாம் தின்னத் துணிவான்?

மாயாஜாலக் கதைக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது. ஒருவனுடைய உள்ளே இருக்கும் கோளாறை வெளியே ஒரு பொருளாகவே காட்டிவிடலாம். ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் 1961இல் எழுத ஆரம்பித்த கதைகளின் நாயகன் எல்ரிக் ஒரு நோஞ்சான் அரசன், அவனுக்குத் தெம்பு தருவது உயிர்களைக் குடிக்கும் ஒரு வாள், கடைசியில் அவன் காதலியும் அந்த வாளுக்கே பலியாகிறாள். வாளைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. விலையை அவனே கொடுக்கிறான், ஆசிரியர் ஒரு காசு தள்ளுபடி தரவில்லை.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையில் வரும் ஜேமி லானிஸ்டரையும் பாருங்கள். 1996இல் வந்த முதல் பாகத்தில் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். 2000இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அவன் பார்வையில் அத்தியாயங்கள் வருகின்றன. தான் காவல் காத்த அரசனையே ஏன் கொன்றேன் என்பதைக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து சொல்லும்போது நமக்கு மனம் இளகுகிறது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு அந்தப் பேச்சில் பதிலே இல்லை, அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. நம் ஆட்கள் கர்ணன் விஷயத்தில் இதற்கு நேர்மாறு: கொடையை நூறு தடவை பேசுவார்கள், வியாச பாரதத்தில் சபை நடுவே திரௌபதியின் துணியை உருவச் சொன்னவனும் அவன்தான் என்றால் பேச்சை மாற்றுவார்கள். எனக்கோ இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கும்போதுதான் அவன் பெரியவனாகத் தெரிகிறான்.

ஆக, விற்ற பையனை மறந்துவிடாதீர்கள். பத்தாம் அத்தியாயத்தில் அவன் திரும்பி வரட்டும், நன்றாக வளர்ந்து, மலாயும் தமிழும் பேசிக்கொண்டு. அவன் மல்லனை மன்னித்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். அப்புறம் ஒன்று, தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல்லின் துண்டு இருக்கிறது. 1843இல் வெடிவைத்துத் தகர்த்ததில் மிஞ்சியது, பாடாங் எறிந்தது அந்தக் கல்தான் என்று சொல்வார்கள். எழுதுவதற்குமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கேள்வி (வாசகர், பிடோக்): அப்படியென்றால் ராவணனும் ஆன்டி-ஹீரோதானே?

பதில்: கம்பனிடம் அவனுக்குக் கம்பீரம் உண்டு, வீணை உண்டு, பத்துத் தலைக்கும் தகுந்த அறிவு உண்டு. ஆனால் கதை நடப்பது ராமனோடு. அதே சம்பவங்களை இலங்கைக் கோட்டைக்குள் இருந்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னால் ஆவான். என்னைக் கேட்டால் கும்பகர்ணனைத்தான் எடுப்பேன். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, விபீஷணன் கூப்பிட்டும் போகாமல், உண்ட சோற்றுக்காகச் சாகப் போகிறவன்.

கேள்வி (ஒரு தாய், தெம்பனிஸ்): உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன் இந்த மாதிரி இருட்டு நாயகர்கள் கதையாகவே நூலகத்திலிருந்து எடுத்து வருகிறான். கவலைப்படலாமா?

பதில்: வேண்டாம்மா. அவன் படித்து முடித்ததில் ஒன்றை நீங்களும் படியுங்கள், ‘இவன் செய்தது சரியாடா?’ என்று சாப்பிடும்போது கேளுங்கள். கோபமாகப் பதில் சொன்னால் நல்ல புத்தகம்.